உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்கு வெளிச்சம் காட்டிய பல்லாவரத்துக் கல்!

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறுகிறீர்கள். பல்லாவரம் வருகிறது, பரங்கிமலை வருகிறது, கடைசியில் கோட்டை ஸ்டேஷன் வருகிறது. இந்த வழியில் 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் இந்த மூன்று ஊருக்கும் உள்ள சொந்தம் ரயிலைவிடப் பழசு. படியுங்கள், அசந்து போவீர்கள்!

கோட்டைக்குப் பக்கத்து ஐகோர்ட் வளாகத்துக்குள் தனியாக ஒரு நெட்டைக் கல் தூண் நிற்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? வெறும் அலங்காரத் தூண் என்று நினைத்துக் கடந்து போனவர்கள் ஏராளம். அது ஒரு காலத்தில் சென்னையின் கலங்கரை விளக்கம்! உயரம் 125 அடி!

அந்தத் தூணுக்குக் கல் எங்கிருந்து போனது? நம்ம பல்லாவரத்திலிருந்து!

வேலை தொடங்கியது 1838-ல். விளக்கு ஏற்றியது 1844 ஜனவரி 1-ஆம் தேதி. அப்போது சென்னையில் பயணிகள் ரயிலே கிடையாது. முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது 1856-ல்தான். அதாவது, பயணிகள் ரயில் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே பல்லாவரத்துக் கல் பாரிமுனைக்குப் போய் நிமிர்ந்து நின்றுவிட்டது!

வடிவம் கிரேக்கக் கோயில் தூண் மாதிரி. அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். வரைந்தவர் மெட்ராஸ் இன்ஜினீயர்ஸ் படையைச் சேர்ந்த கேப்டன் ஸ்மித். தூண் வேலையை விட்டு ஓய்வு பெற்று நூற்று முப்பது வருஷம் ஆகிறது. கல் இன்னும் கல்லாகவே நிற்கிறது!

சென்னைக்கு இதுவரை எத்தனை கலங்கரை விளக்கங்கள் தெரியுமா? நான்கு!

முதலாவது, கோட்டைக்கு உள்ளேயே இருந்தது. இன்று கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிதான் அதன் இடம். ஆண்டு 1796. பெரிய லாந்தர் கூண்டு ஒன்று, அதற்குள் 12 விளக்குகள். எரிந்தது என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய்!

தலைக்குத் தடவும் எண்ணெயில் கப்பலுக்கு வழி காட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் 25 மைல் வரை தெரிந்ததாம்! கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்த விளக்குதான் சென்னைக் கடலின் ஒரே நம்பிக்கை.

மாடியில் விளக்கு எரிந்தபோது கீழே என்ன நடந்தது? வியாபாரம்! வணிகர்கள் கூடி விலை பேசும் மண்டபம் அது. பிறகு ராணுவ அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸாக ஆனது. 1948-ல் அருங்காட்சியகம் ஆனது. ஒரே கட்டடம், எத்தனை அவதாரம்!

இரண்டாவதுதான் நாம் பார்த்த கல் தூண். மூன்றாவது விளக்கு ஐகோர்ட்டின் தலையிலேயே ஏறிக்கொண்டது. சிவப்புக் கட்டடத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் கோபுரம் இருக்கிறதே, அதன் உச்சியில் 1894 ஜூன் 1-ஆம் தேதி விளக்கு எரிந்தது. உயரம் 175 அடி! கீழே வழக்கு, மேலே வழிகாட்டல். 1977 வரை 83 வருஷம் இப்படியே ஓடியது!

நான்காவது, நாம் எல்லோரும் அறிந்த மெரினா கலங்கரை விளக்கம். 1977 ஜனவரியில் வந்தது. முக்கோண வடிவம். லிஃப்ட் வேறு இருக்கிறது! வெளிச்சம் 28 கடல் மைல் தூரம் போகும். கிலோமீட்டரில் சொன்னால் 50-ஐத் தாண்டும்!

சரி, இப்போது பீரங்கிக்கு வருவோம்.

பாரிமுனையில் இறங்கியதும் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே இவ்வளவு பெரிய வெளி எப்படி வந்தது என்று யோசித்ததுண்டா? அது பீரங்கி சுடுவதற்காக ஒதுக்கிய இடம்!

அங்கே ஒரு முழு ஊர் இருந்தது. பழைய கருப்பர் நகரம். தெருத்தெருவாக வீடுகள், கடைகள், கோயில். எதிரி வந்தால் அந்த வீடுகளின் மறைவில் நின்று கோட்டையைச் சுடுவான் என்று பயந்து, ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள்!

சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. 1757-ல் போனது. பிறகு பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலித் தெருவில் மறுபடி எழுந்தது. பழைய கோயில் இருந்த இடத்தில் இன்று நிற்பது ஐகோர்ட் வளாகம்!

"இந்த எல்லைக்குள் இனி யாரும் வீடு கட்டக் கூடாது" என்று சொல்ல 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. பாரிமுனையில், டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில். தினம் லட்சக்கணக்கானோர் நடக்கும் இடம். அடுத்த தடவை போகும்போது அதன்மேல் ஒரு நிமிஷம் கையை வைத்துப் பாருங்கள். நீங்கள் தொடுவது பீரங்கிக் குண்டு பாயும் வெளியின் எல்லைக் கல்லை!

பயந்தது வீண் போகவில்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி பெரும் படையோடு வந்து கோட்டையை வளைத்தார். முற்றுகை 1759 பிப்ரவரி வரை, இரண்டு மாதத்துக்கும் மேலே நீடித்தது!

அந்த இரண்டு மாதத்தில் கோட்டையிலிருந்து மட்டும் சுட்ட பீரங்கிக் குண்டுகள் எத்தனை? 26,554! அது போக மார்ட்டர்களிலிருந்து வீசிய வெடிகுண்டுகள் 7,502! ஒவ்வொன்றையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இந்த முற்றுகையில் நம்ம பக்கத்துக்கு என்ன பங்கு? பெரிய பங்கு! கோட்டைக்குள் இருந்தவர்கள் உள்ளே மாட்டிக்கொள்ள, வெளியே செங்கல்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் நடுவே ஒரு படை சுற்றிச் சுற்றி வந்து லாலியின் முதுகைக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் விரட்டினால் இன்னொரு பக்கம் வந்து மொய்க்கும். ஈத்தொல்லை மாதிரி இருக்கிறது என்று லாலியே நொந்துகொண்டாராம்!

அந்தப் படையில் சிப்பாய்களை நடத்தியவர் யார் தெரியுமா? யூசுப் கான். ஆமாம், மருதநாயகமேதான்!

பொறுமை இழந்த லாலி 1759 பிப்ரவரியில் பரங்கிமலைக்கு ஒரு படையை அனுப்பினார். நாள் முழுக்கச் சண்டை. மலையடிவாரம் பீரங்கிப் புகையில் மூழ்கியது. மாலையில் பிரெஞ்சுப் படை கை ஓய்ந்து திரும்பியது! அடுத்த சில நாளில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தலை காட்டின. லாலி மூட்டை கட்டினார்!

கோட்டை பிழைத்தது. பிறகு மெட்ராஸ் பீரங்கிப் படைக்குத் தலைமையகமாக எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அதே பரங்கிமலையை! இன்றும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறும் அகாடமி அங்கேதான் இருக்கிறது.

பரங்கிமலை பற்றிய இன்னொரு சேதியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இந்தியாவையே அளந்த மாபெரும் நில அளவையின் முதல் முக்கிய அடிக்கோடு 1802-ல் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை போடப்பட்டது. நீளம் ஏழரை மைல். அந்த அளவைதான் வளர்ந்து வளர்ந்து இமயம் வரை போய் எவரெஸ்ட்டின் உயரத்தைச் சொன்னது. அப்போது கிடைத்த கணக்கு 29,002 அடி! பெரும்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியவர்களே, நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளுங்கள்!

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்குப் போயிருக்கிறீர்களா? 1680-ல் திறந்தது. அதை வடிவமைத்தவர் கோட்டையின் தலைமைப் பீரங்கிக்காரர் என்று சொல்வார்கள். கட்டடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். சுவர் நாலடி கனம்! கூரை வளைந்த செங்கல் கட்டு, அதுவே இரண்டடி கனம்! குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்றுதான் அப்படி!

அந்தச் சர்ச்சைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் பெரிய பெரிய கற்கள் எல்லாம் கல்லறைக் கற்கள். ஆனால் கற்களுக்கு அடியில் யாரும் இல்லை! அசல் கல்லறைத் தோட்டம் இருந்தது பழைய சட்டக் கல்லூரிப் பக்கம். லாலியின் ஆட்கள் அந்தக் கல்லறைகளின் பின்னால் ஒளிந்து சுட்டார்கள். முற்றுகை முடிந்ததும் கல்லறைகளை இடித்துக் கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டு வந்துவிட்டார்கள்!

அதோடு விட்டார்களா? ஹைதர் அலி வருகிறார் என்ற சேதி கேட்டதும் 1782-ல் அதே கற்களைப் பெயர்த்துக் கொத்தளத்தில் பீரங்கிக்கு அடியில் போட்டார்கள்! பெயர் பொறித்த கல்லின் மேல் பீரங்கி! ஆபத்து நீங்கிய பிறகே அவை சர்ச்சுக்குத் திரும்பின. குனிந்து பாருங்கள். ஆங்கிலம் மட்டும் இல்லை, லத்தீன், போர்ச்சுக்கீசிய எழுத்தும் தெரியும். ஒரு கல்லில் இருக்கும் ஆண்டு 1652!

இடிக்காமல் விட்ட கல்லறைகளில் ஒன்று, ஊசிக் கோபுரம் மாதிரி இன்றும் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கிறது. அதற்குள் உறங்கும் குழந்தை டேவிட், கோட்டையின் ஆளுநர் எலிஹு யேலின் மகன். அந்த யேல் பின்னாளில் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கையும் 417 புத்தகங்களையும் பெற்றுக்கொண்ட அமெரிக்கக் கல்லூரி, நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்துக்கொண்டது. உலகப் புகழ் யேல் பல்கலைக்கழகம் அதுதான்!

இப்போது சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த சேதி. தலைமைச் செயலகக் கட்டடத்தின் முகப்பில் கறுப்பாக, எண்ணெய் பூசியது போல மின்னும் தூண்கள் நிற்கின்றன. டி.வி. செய்தியில் தினமும் பார்க்கிறோம். அந்தத் தூண்கள் ஒரு தடவை கடத்தப்பட்டவை!

ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், 1732-ல், கடல் வாசலிலிருந்து நிழலாக நடந்து வர மண்டப வரிசை ஒன்று எழுப்பினார்கள். தூண்கள் 32. எல்லாம் பல்லாவரம் வகைக் கருங்கல். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். பணம் எடுத்தார்கள், பண்டம் எடுத்தார்கள். தூண்களையும் விட்டு வைக்கவில்லை! பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்!

ஒரு தூணைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

1761-ல் காற்று திசை மாறியது. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. தூண்கள் சென்னைக்குத் திரும்பின. அவற்றில் 20 தூண்கள் தலைமைச் செயலகத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. சென்னையிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பி வந்து, கிட்டத்தட்ட முந்நூறு வயதைத் தொடுகிற தூண்கள்!

இந்தக் கல்லுக்கு அறிவியல் வைத்த பெயர் என்ன? சார்னோகைட். கல்கத்தாவை நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான். நம்ம ஊர்க் கல் வங்காளம் வரை போயிருக்கிறது! தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறையைப் பார்த்துத்தான் சார்னாக்கின் பெயரைக் கல்லுக்கே சூட்டினார். பரங்கிமலைப் பாறை இன்று தேசியப் புவியியல் நினைவுச் சின்னம்! ட்ரெயினில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்.

அதே 1746-ல் அடையாற்றங்கரையில் நடந்த சண்டை தெரியுமா? கோட்டையைத் திருப்பித் தரச் சொல்லி ஆற்காடு நவாப் அனுப்பிய படை 10,000 பேர். எதிரே நின்ற பிரெஞ்சுப் படை ஆயிரம் சொச்சம். ஜெயித்தது ஆயிரம்! இடம், இன்று பட்டினப்பாக்கம் இருக்கும் பகுதியை ஒட்டித்தான்!

கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயைக் கடல் விடவில்லை. பிடித்த மறுமாதமே புயல்! ஒரே ராத்திரியில் அவர் கப்பல்கள் சிதறின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலோடு போனார்கள்!

அப்போதெல்லாம் அலை கோட்டைச் சுவர் வரைக்கும் வரும். துறைமுகமே இல்லை. கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வருவது மசூலாப் படகில். ஒரு ஆணிகூட அடிக்காத படகு! பலகைகளைத் தேங்காய் நாரால் தைத்திருப்பார்கள். அலையில் வளைந்து கொடுக்கும், உடையாது. துறைமுகம் கட்டி முடிக்கப்போகும் நேரத்தில் 1881 புயல் அதை நொறுக்கியது. திரும்பக் கட்டினார்கள். அதன் பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது!

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகிறோம், மீன் சாப்பிடுகிறோம், திரும்புகிறோம். அங்கே ஒரு கடற்கரைக் கோட்டை இருந்தது தெரியுமா?

ஆற்காடு நவாப்பின் கோட்டை. 1750-ல் கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நின்றது. "எங்கள் ஆட்களுக்கு ஸ்கர்வி நோய். செத்துக்கொண்டிருக்கிறார்கள். கரையில் கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கோட்டைத் தலைவர் இரக்கப்பட்டு 30 பேரை உள்ளே விட்டார். முனகிக்கொண்டே வந்த அத்தனை பேர் உடைக்குள்ளும் ஆயுதம்! ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டை கை மாறியது!

1752-ல் அதை மீட்க வந்தவர் ராபர்ட் கிளைவ். கூட வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் லண்டனிலிருந்து அப்போதுதான் இறங்கிய கற்றுக்குட்டிகள். கோட்டையிலிருந்து ஒரு குண்டு பாய்ந்து ஒருவர் விழ, மற்ற அத்தனை பேரும் திரும்பி ஓட்டம்! காவலுக்கு நின்ற ஒருவர் பீரங்கிச் சத்தம் கேட்டே காணாமல் போனார். சில மணி நேரம் கழித்து எங்கே கிடைத்தார் தெரியுமா? கிணற்றுக்குள்!

இந்தப் படையை வைத்துக்கொண்டே கிளைவ் கோவளத்தைப் பிடித்தார். அடுத்து செங்கல்பட்டையும் பிடித்தார். கோவளம் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் இன்று நிற்பது நட்சத்திர ஹோட்டல்!

இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம். அங்கே 1887-ல் கப்பலுக்கு விளக்கு வைத்தது எங்கே? பல்லவர் கட்டிய ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் மேலே! மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே இருக்கிறதே, அதே கோயில். பக்கத்தில் நிற்கும் கல் கோபுரம் பிறகு வந்தது.

அடுத்து சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டை இன்றும் இருக்கிறது. அதற்கு எதிரே கடலில் 1782 பிப்ரவரி 17-ஆம் தேதி பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. தளபதிகள் சுஃப்ரனும் ஹியூஸும். அது முதல் சுற்றுதான். இருவரும் மொத்தம் ஐந்து தடவை மோதினார்கள்!

இத்தனை கோட்டை, இத்தனை பீரங்கி இருந்தும் 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை ஏமாந்தது. ஜெர்மன் கப்பல் எம்டன் கரைக்கு மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வந்து நின்றது. யாருக்கும் தெரியாது! ஒன்பதரை மணி வாக்கில் சுட ஆரம்பித்தது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 130 குண்டுகள்! பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் பற்றின. எரிந்த எண்ணெய் 3,46,000 காலன்! துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் ஐந்து பேர் இறந்தார்கள்.

ஐகோர்ட் சுவரும் அடி வாங்கியது. விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டை இன்றும் படிக்கலாம். கரையிலிருந்து பீரங்கிகள் பதில் சொல்ல ஆரம்பித்ததும் எம்டன் இருட்டில் மறைந்தது. ஏழு வாரம்தான். நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பல் அதன் கதையை முடித்தது!

கோட்டைக் கொடிமரம் உங்களுக்குத் தெரியும். யேல் நாட்டிய பழைய மரம் தேக்கு, உயரம் 150 அடி. 300 வருஷம் கழித்து 1994-ல்தான் இரும்புக் கம்பம் வந்தது! 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலை 5.05-க்கு அந்தக் கோட்டையில் ஏறிய நம் மூவர்ணக் கொடி, பட்டுத் துணியில் நெய்தது, இன்னும் பத்திரமாக இருக்கிறது. எங்கே? முதல் கலங்கரை விளக்கம் எரிந்த அதே கட்டடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள்!

இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளை மாலுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். கறுப்புத் தூண்களைக் காட்டி, "இது நம்ம பல்லாவரத்துக் கல்" என்று சொல்லுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். முக்கியமாக, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை!